கெரன் ஏரியில் யாரும் மீன் பிடிப்பதில்லை

மீன்வள வாரியத்திலிருந்து வந்த பெண் நல்லவள். அதுதான் வினையாகப் போயிற்று. கடுகடுவென்று ஒரு ஆள் வந்து அதட்டியிருந்தால் ஏரிக்கரை ஜனங்கள் கொஞ்சமாவது யோசித்திருப்பார்கள். மிஸ் கிரெஹன் மழையில் நனைந்தபடி, கையில் எழுத்து அட்டையும் பேனாவுமாக, சிரித்த முகத்தோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இந்த வீட்ல யாராவது மீன் பிடிப்பீங்களா?" என்று கேட்டாள். எல்லா வாசலிலும் ஒரே பதில் வந்தது.

"இங்க யாரும் மீன் பிடிக்கறதில்ல, மிஸ்."

அதைச் சொன்னபோது சோனி வார்லியின் தூண்டில் கதவுக்குப் பின்னாலேயே சாய்ந்து நின்றது. பார்ட்லி கேன் சொன்னபோது அவர் தொப்பியில் மீனை ஏமாற்ற இறகால் கட்டிய போலி ஈக்கள் வரிசையாகக் குத்தியிருந்தன. மிஸ் கிரெஹன் தொப்பியைப் பார்த்தாள், பார்ட்லியின் முகத்தைப் பார்த்தாள், எழுதிக்கொண்டாள். ஓட்டுப் பட்டியலுக்காகத்தான் கேட்கிறேன் என்று அவள் சொல்லாமல் இல்லை. ஆனால் அது இரண்டாவது வாக்கியமாக வந்தது. அட்டையோடு யார் வந்தாலும் கெரன்காரர்களுக்கு முதல் வாக்கியத்தோடு காது அடைத்துவிடும். அதற்கப்புறம் டீயும் ரொட்டியும்தான் கொடுப்பார்கள். தாராளமாகக் கொடுப்பார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பட்டியல் தபால் ஆபீஸ் கதவில் ஒட்டப்பட்டது. பக்கத்து ஊரான ரீனீனுக்குக் கீழே பெயர்கள் நீளமாக இறங்கின. கெரன் என்று போட்டிருந்த இடத்துக்குக் கீழே வெறும் காகிதம். தபால்தலை வாங்க வந்த அட்ராக்டா ஃபீரிக் அதைப் பார்த்துவிட்டு, தபால்தலை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

அட்ராக்டா அந்தத் தேர்தலில் நிற்பதாக இருந்தாள். கெரன் ஏரிக்கும் அக்கம்பக்கத்துத் தண்ணீர்களுக்கும் சேர்த்து, தூண்டில்காரர்களுக்கென்று வாரியத்தில் ஒரே ஒரு இருக்கை. முன்பெல்லாம் அதில் யாரையாவது தலைநகர் டப்ளினிலிருந்து நியமித்து அனுப்புவார்கள். அந்த ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து விருந்து சாப்பிட்டுப் போவார். இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஓட்டு. போன பருவத்தில் இந்தத் தண்ணீரில் தூண்டில் போட்ட யாருக்கும் ஓட்டு உண்டு என்று சொல்லிவிட்டார்கள். மற்ற வருஷமாக இருந்தால் அவளும் கண்டுகொண்டிருக்க மாட்டாள். ஆனால் விரிகுடா வாயில் ஒரு கம்பெனி சால்மன் வளர்க்கும் கூண்டுகளை இறக்கியிருந்தது. கூண்டில் கடல் பேன் பெருகியது. வெள்ளை டிரவுட் மீன் ஏரியில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, கோடையில் அந்த வாய் வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். திரும்புகிற மீனை வழியிலேயே பேன் தின்றது. இப்போது இன்னொரு வரிசைக் கூண்டுகள் வேண்டுமென்று கம்பெனி மனுப் போட்டிருக்கிறது. இலையுதிர் காலத்தில் வாரியம் தன் முடிவைச் சொல்லும். ரீனீன் ஓட்டல்காரர் குவின்லனும் அதே இருக்கைக்கு நிற்கிறார். கூண்டுக் கம்பெனி ஆட்கள் தின்பதும் தூங்குவதும் அவர் ஓட்டலில்தான் என்றால், அவர் எந்தப் பக்கம் கை தூக்குவார் என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

அட்ராக்டாவிடம் இருந்ததெல்லாம் சில வாடகைப் படகுகளும், மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு விடும் மாடி அறைகளும்தான். மே மாதத்திலிருந்து அந்த அறைகள் நிறைந்தால் குளிர்காலத்தை ஓட்டலாம். இரண்டு கோடையாக அவை நிறையவில்லை. கெரன் ஓட்டுகள் வந்தால் அவளுக்கு இருக்கை. வராவிட்டால் குவின்லனுக்கு இருக்கை, கடலுக்கு இன்னும் கூண்டு, அவளுக்குக் காலி அறைகள்.

அவள் புருஷன் ஃபெஸ்டஸ் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவள் மழைக்கோட்டைக் கழற்றவில்லை.

"அந்த வாரியத்துப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. நீ கால்வே டவுனுக்குப் போயிருந்த. நல்ல பொண்ணு. ரெண்டு கப் டீ குடிச்சுது."

"என்ன சொன்ன?"

"எல்லாரும் சொல்றததான்."

"நான் தேர்தல்ல நிக்கறேன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாம என்ன. ஊர் பூரா நான்தான சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பின்ன ஏன்யா அப்பிடிச் சொன்ன?"

ஃபெஸ்டஸ் கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். குற்றம் செய்தவர் முகமாக அது இல்லை. "அட்டையோட யார் வந்தாலும் இதையே சொல்லணும், வேற ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தது யாரு? நானா?"

சொல்லிக்கொடுத்தது அட்ராக்டாவேதான்.

கெரன் ஜனங்கள் பிறவியிலேயே பொய்யர்கள் என்று ரீனீன்காரர்கள் சொல்வார்கள். அது அநியாயம். அவர்கள் பிறவியிலேயே மோசமான பொய்யர்கள். வெள்ளை டிரவுட் எடுக்க லைசென்ஸ் வேண்டும் என்பது பழைய சட்டம். லைசென்ஸ் வாங்குவதில்லை என்பது அதைவிடப் பழைய வழக்கம். ஏரிக்காவலர் மாலக்கி டுவோஹி கரையில் நின்று கேட்கும்போது ஆளுக்கு ஒன்றாக உளறிவிட்டு முழிப்பார்கள். ஒருத்தர் தீவில் ஆடு பார்க்கப் போனதாகச் சொல்வார். அந்தத் தீவில் ஆடு ஏறிப் பல வருஷம் ஆகியிருக்கும். இன்னொருத்தர் மாமியாருக்கு மருந்து கொண்டுபோவதாகச் சொல்வார். மாமியார் கரையில் நின்று கையசைத்துக்கொண்டிருப்பாள். பிறகு எல்லாத் தூண்டிலுக்கும் லைசென்ஸ் என்று அரசாங்கம் புதுச் சட்டம் போட்டு, நாட்டின் ஏரிகளெல்லாம் கொந்தளித்த வருஷம் வந்தது. அந்த வருஷம் அட்ராக்டா சைக்கிளில் வீடு வீடாகப் போனாள். ஆளுக்கொரு கதை வேண்டாம், எல்லாரும் ஒரே வாக்கியம், கேள்வி எதுவானாலும் அதே வாக்கியம் என்று குழந்தைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது போல் சொல்லிக்கொடுத்தாள். மற்ற ஏரிகளில் சண்டை ஓய்ந்து, சட்டம் தளர்ந்தது. வெள்ளை டிரவுட்டுக்கு மட்டும் பழைய லைசென்ஸ் அப்படியே நின்றது. கெரனில் வேறு மீன் கிடையாது. ஆகையால் வாக்கியமும் நின்றது.

அவள் அன்று மாலையே சோனி வார்லி வீட்டுக்குப் போனாள். கெரனில் மூத்த தூண்டில் சோனியுடையது. வாயும் அவருடையதுதான் மூத்தது. ஓட்டுச்சீட்டில் பெயருக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று எண் போடும் ஊர் அது; ஒண்ணாம் நம்பர் உனக்கு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சத்தியம் இல்லை.

"ஒண்ணாம் நம்பர் உனக்குத்தான், அட்ராக்டா," என்றார் சோனி, அவள் உட்காரும் முன்பே. "இந்தக் கரை மொத்தமும் உனக்குத்தான். குவின்லனுக்கு ரெண்டாம் நம்பர் கூட இல்ல. அவன் ஓட்டல் சூப்புக்கே நான் நம்பர் போட மாட்டேன்."

"உங்களுக்கு ஓட்டே இல்ல, சோனி."

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க. யாரும் மீன் பிடிக்கறதில்லன்னு."

சோனி கணப்பு நெருப்பைக் கிளறிவிட்டார். "அது அதுக்குத்தானா," என்றார். "நான் என்னமோ அரசாங்கம்னு நெனச்சேன்."

அட்ராக்டா மறுநாள் வாரியத்துக்குத் தொலைபேசினாள். மிஸ் கிரெஹன் குரலிலும் நல்லவளாகவே இருந்தாள். விட்டுப்போனவர்கள் சனிக்கிழமை மதியம் கெரன் மண்டபத்துக்கு வந்து, போன பருவத்தில் இந்த ஏரியில் தூண்டில் போட்டேன் என்று வாயால் சொன்னால் போதும், சேர்த்துக்கொள்வேன் என்றாள். ஏரிக்காவலரும் கூட இருப்பார், அது விதி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, லைசென்ஸ் இல்லாமல் வெள்ளை டிரவுட் எடுத்ததாக யாராவது ஒத்துக்கொண்டால் காவலர் சம்மன் எழுத வேண்டியிருக்கும், சம்மன் வாங்கியவருக்கு ஓட்டு கிடையாது என்றாள்.

"அப்ப எப்பிடி மிஸ் சொல்றது? இங்க இருக்கறதே அந்த மீனுதான்."

"தூண்டில் போட்டேன், ஒண்ணும் கிடைக்கலன்னு சொல்லுங்களேன். எடுத்தாத்தான் குத்தம். போட்டதுல குத்தமில்ல."

அட்ராக்டா தொலைபேசியை வைத்தாள். வழி சுலபமாக இருந்தது. அதைவிட, உண்மையாகவும் இருந்தது. போன கோடை முழுவதும் அவள் படகுகள் போய் வந்தன. ஒரு வெள்ளை டிரவுட் கரையேறவில்லை. அவளுக்குத் தெரிந்து யாருக்கும் ஏறவில்லை. ஆனால் அதை யாரும் வாயால் சொன்னதில்லை. காற்று சரியில்லை என்றார்கள், தண்ணீர் தெளிவாக இருந்தது என்றார்கள், ஈ சரியாக அமையவில்லை என்றார்கள். மீன் இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க மறுபடியும் சைக்கிள். மறுபடியும் ஒரு வாக்கியம். "போனேன், ஒண்ணும் கிடைக்கல. அவ்வளவுதான். அதுக்கு மேல வாயத் திறக்காதீங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். பார்ட்லி கேன் மட்டும் கொஞ்சம் முனகினார்.

"ஒண்ணுமேவா கிடைக்கல? ஒரு சின்னது கிடைச்சுதுன்னு சொல்லக்கூடாதா?"

"கூடாது."

"ரொம்பச் சின்னதா?"

"பார்ட்லி."

"சரி, சரி."

வெள்ளிக்கிழமை ஆற்றுப் பாலத்தில் மாலக்கி டுவோஹியைப் பார்த்தாள். வாரியத்தின் பச்சைக் கோட்டும் பிளாஸ்க்குமாக, கைப்பிடிச் சுவரில் முழங்கை ஊன்றித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தக் கரையில் காவல். அவர் மழையில் நாணல் புதருக்குள் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் சாமியாருக்கே பொறாமை வரும். ஒரு வழக்குக்கூட நீதிமன்றம் ஏறியதில்லை. ஊரில் அவருக்கு விரோதி யாரும் இல்லை, சிநேகிதரும் இல்லை. பப்பில் அவர் நுழைந்தால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும்.

"நாளைக்கு மண்டபத்துக்கு வருவ போல," என்றாள் அட்ராக்டா.

"வரணும். வேலை." அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "மீனே பிடிக்காத ஜனங்களுக்கு எதுக்கு இத்தன வருஷம் ஒரு காவலன வெச்சாங்கன்னு எனக்கே ஒரு சந்தேகம் இருந்துச்சு. பட்டியலப் பாத்தேன். தீந்துபோச்சு."

"கிண்டல் பண்றியா, மாலக்கி?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரே கிண்டல் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"நாளைக்கு யாராவது வாய் தவறி ஏதாவது சொல்லிட்டா எழுதிடுவியா?"

மாலக்கி பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடினார். "என் காதுபட ஒத்துக்கிட்டா எழுதத்தான் வேணும். இருபது வருஷமா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான நனைஞ்சுக்கிட்டிருக்கேன்." அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்தது. வெளியே மழை, உள்ளே ஈரக் கம்பளி நாற்றம். மேடைக்குக் கீழே ஒரு மேஜை. மிஸ் கிரெஹன் மேஜைக்குப் பின்னால், மாலக்கி அவளுக்குப் பக்கத்தில், மடியில் சம்மன் புத்தகம். கடைசி வரிசையில் குவின்லன் ஓட்டல் கணக்குப்பிள்ளை, சும்மா மழைக்கு ஒதுங்கியவன் போல, உட்கார்ந்திருந்தான்.

அட்ராக்டா முதலில் எழுந்தாள்.

"நீங்க போன பருவத்துல இந்த ஏரியில தூண்டில் போட்டீங்களா?" என்று மிஸ் கிரெஹன் கேட்டாள்.

"போட்டேன்."

"ஏதாவது கிடைச்சுதா?"

அட்ராக்டா சைக்கிளில் ஊர் முழுக்கச் சுமந்துபோன வாக்கியம் அது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனாலும் கடைசி வரிசையில் இருந்தவன் காதுக்கு அது எப்படிப் போகும் என்று தெரிந்தது. நாளைக்கு ரீனீனில் ஒவ்வொரு விருந்தாளிக்கும் சொல்வான்: கெரனில் அறை எடுக்காதீர்கள், அங்கே மீன் இல்லையென்று அந்த அம்மாவே சொன்னாள்.

"இல்ல," என்றாள். "மே மாசத்துலேந்து செப்டம்பர் வரைக்கும் போனேன். ஒண்ணும் கிடைக்கல."

மண்டபத்தில் இருமல்கூட நின்றது. ஒரு சாவு வீட்டில் பெட்டியை மூடும்போது இருக்கிற அமைதி அது. மிஸ் கிரெஹன் பெயரை எழுதினாள். மாலக்கி அட்ராக்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

அடுத்தது சோனி வார்லி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"தூண்டில் போட்டீங்களா?"

"பின்ன? பிறந்ததுலேந்து போடறேன்."

"போன பருவத்துல?"

"போன பருவத்துலயும்."

"ஏதாவது கிடைச்சுதா?"

சோனி வாயைத் திறந்தார். அந்த 'இல்ல' தொண்டை வரைக்கும் வந்ததை அட்ராக்டாவே பார்த்தாள். அங்கேயே நின்றது. அவர் ஜனங்களைத் திரும்பிப் பார்த்தார், மிஸ் கிரெஹனைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"கிடைச்சுது," என்றார்.

அட்ராக்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு மீன். ஜூலை கடைசி. நாணல் தீவுக்கு அந்தப் பக்கம். தென்மேக்குக் காத்து. மேல வந்தப்ப முதுகு மட்டும் தெரிஞ்சுது, மிஸ், நான் நீர்நாய்னு நெனச்சேன். வலைக்குள்ள வால் அடங்கல." அவர் கைகளை விரித்தார். தொப்பி ஒரு கையிலிருந்ததால் மீன் இன்னும் கொஞ்சம் நீண்டது.

அந்த மீனை அட்ராக்டாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் போப்பாண்டவர் கால்வேக்கு வந்தபோது பிடித்த மீன் அது. அப்போது அட்ராக்டாவுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சோனி அதை அங்கிருந்து போன ஜூலைக்குத் தூக்கிப்போட்டுவிட்டார்.

பார்ட்லி கேன் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. "வால் அடங்கலயா? அந்த வலை சின்னதுய்யா. எனக்குக் கிடைச்சத நீ பாத்திருந்தா..." என்று எழுந்தார். அதோடு அணை உடைந்தது. ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். ஒருத்தர் ஒரே காலையில் கூடை நிறைய எடுத்தாராம். ஒருத்தரின் படகையே மீன் தீவு வரைக்கும் இழுத்துப் போனதாம். முதலில் சொன்னவர்கள் தங்கள் மீன் சின்னதாகிவிட்டதே என்று மறுபடி எழுந்து திருத்திக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் படகில் கால் வைக்காத ஃபெஸ்டஸ்கூட எழுந்து, தனக்கும் ஒன்று கிடைத்ததாகவும், ஆனால் அவ்வளவு பெரிசில்லை என்றும் அடக்கமாகச் சொன்னார். ஒவ்வொரு மீனும் ஒரு சம்மன், ஒவ்வொரு சம்மனும் போன ஒரு ஓட்டு. கண்ணுக்கு முன்னால் தன் தேர்தலைத் தன் ஜனங்களே போட்டி போட்டுக் கொன்றுகொண்டிருந்ததை அட்ராக்டா உட்கார்ந்து பார்த்தாள். கோபம் வர வேண்டும். வரவில்லை. அவர்கள் முகங்களில் ரொம்ப நாளாகக் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது.

ஒருவழியாகச் சத்தம் அடங்கியதும் மிஸ் கிரெஹன் பேனாவை வைத்தாள். அவளுக்கே பாவமாக இருந்தது. "மிஸ்டர் டுவோஹி," என்றாள், "இது உங்க ஏரி. நீங்க கேட்டீங்க. இதுல எத்தனைக்குச் சம்மன் எழுதணும்?"

மாலக்கி எழுந்தார். இருபது வருஷமாகக் காத்திருந்த வார்த்தையை ஒரே மதியத்தில் ஊர் மொத்தமும் அவர் காலடியில் கொட்டியிருந்தது. சோனி அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று புரிந்து, கைகளை மெதுவாகக் குறுக்கிக்கொண்டார்.

"மிஸ்," என்றார் மாலக்கி, "போன பருவம் முழுக்க நான் இந்தக் கரையிலதான் இருந்தேன். இந்த ஏரியிலேந்து ஒரு வெள்ளை டிரவுட் கூட யாரும் எடுக்கல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப இவங்க எல்லாரும் என் முன்னால பொய்யா சொன்னாங்க?"

"மீனப் பத்திச் சொன்னாங்க, மிஸ். நீங்க என்ன பாக்க வந்தீங்க? இவங்க தூண்டில்காரங்களா இல்லையான்னு. இதுக்கு மேல உங்களுக்கு என்ன சாட்சி வேணும்?"

மண்டபம் அதிர்ந்தது. மிஸ் கிரெஹனும் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பெயர்களை எழுத ஆரம்பித்தாள். சோனி மட்டும் சிரிக்கவில்லை. தன் மீனைப் பொய் என்று சொல்லிவிட்டார்களே என்று உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கணக்குப்பிள்ளை மழையைப் பொருட்படுத்தாமல் வெளியே போனான்.

எல்லாம் முடிந்து அட்ராக்டா வெளியே வந்தபோது மாலக்கி சம்மன் புத்தகத்தைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் நிறுத்தினாள்.

"மாலக்கி. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. எங்களுக்காக நீ பொய் சொல்லுவன்னு நான் கனவுல கூட நெனக்கல."

"நான் எங்க பொய் சொன்னேன்?"

மண்டபத்துக்குள் இன்னும் சத்தம் கேட்டது. பார்ட்லி தன் மீனை மறுபடி அளந்துகொண்டிருந்தார்.

"போன ஜூலையில ஒருநாள்," என்றார் மாலக்கி, "நான் நாணலுக்குள்ள இருந்தேன். சோனி கரைக்கு வந்தாரு. என்னப் பாத்துட்டாரு. வழக்கமாத் திட்டிட்டுப் போவாரு. அன்னிக்கு நேரா எங்கிட்ட நடந்து வந்து பையத் தொறந்து காட்டினாரு. நான் கேக்கவே இல்ல. உள்ள ஒண்ணுமில்ல. மறுநாள் பார்ட்லி. அதுக்கப்பறம் எல்லாரும், நான் கேக்காமலே. ஒளிக்க ஒண்ணுமில்லன்னா மனுஷன் தானாக் காட்டிடறான். இருபது வருஷத்துல யாரும் எங்கிட்ட ஒரு உண்மை பேசினதில்ல, அட்ராக்டா. போன கோடையில எல்லாரும் பேசினீங்க. எனக்குப் பயமாப்போச்சு."

மழை அவர் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

"எனக்கு ஓட்டு கிடையாது," என்றார். "வாரியத்து ஆளுக்குக் கிடையாது. நீ ஜெயிச்சுடு."

அட்ராக்டாவுக்கு அழுகை வந்தது. மழை பெய்வது சௌகரியமாக இருந்தது. வீட்டுக்குப் போய் ஃபெஸ்டஸிடம் மட்டும் மாலக்கி சொன்னதைச் சொன்னாள். ஃபெஸ்டஸிடம் மட்டும் சொல்வது என்றால் ஞாயிறு பூசைக்குள் ஊர் முழுக்கச் சொல்வது.

ஜூன் மாதம் ஓட்டு எண்ணினார்கள். கெரன் பெட்டியில் குவின்லனுக்கு இரண்டாம் நம்பர்கூட விழவில்லை. இருக்கை அட்ராக்டாவுக்கு வந்தது. கூண்டு விஷயத்தில் கை தூக்க இன்னும் இலையுதிர் காலம் வரை பொறுக்க வேண்டும். மற்றவர்கள் எப்படித் தூக்குவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜூலை வந்தது. அறைகளில் பாதி காலியாகவே இருந்தன.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள் அவள் துறையில் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தபோது சோனி வார்லி கரையேறினார். நாணலுக்குள்ளிருந்து மாலக்கி எழுந்து வந்து, வழக்கம்போல் வழியை மறித்து நின்றார்.

"பையில என்ன, சோனி?"

சோனி பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இங்க யாரும் மீன் பிடிக்கறதில்ல, காவலரே."

ஏரியிலிருந்து காற்று அடித்தது. சோனியின் முதுகுக்குப் பின்னால் பை ஒட்டி மடிந்து, காயப்போட்ட துணி மாதிரி ஆடியதை அட்ராக்டா துறையிலிருந்தே பார்த்தாள். மாலக்கி அவளைவிட அருகில் நின்றார், அவருக்கும் தெரிந்திருக்கும்.

"அதைத் தொறந்து காட்டுய்யா," என்றார்.

"மாட்டேன்."

மாலக்கி தொப்பியைத் தொட்டு, "சரி, போங்க," என்று வழி விட்டார்.